ஒரே ஆசிட்டுக்கு 6 மிலியும் 25 மிலியும்: ஒரு டைட்ரேஷன் குழப்பத்தோட முழுக்கதை

முதல்ல எண்களைப் பாத்துடுங்க. ஒரே பாட்டில்ல இருந்த அசிட்டிக் ஆசிட், ஒரே காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) கரைசல், ஒரே பியூரெட் (சோடாவை அளந்து விடுற குழாய்). ரெண்டு பேர் தனித்தனியா டைட்ரேட் பண்ணாங்க, அதாவது ஆசிட்டை முழுசா நியூட்ரலாக்க எத்தனை மிலி சோடா செலவாகுதுன்னு அளந்தாங்க. ஒருத்தர் நோட்டுல 5.8, 7.1, 6.4 மிலி. இன்னொருத்தர் நோட்டுல 25.25, 25.30, 25.25 மிலி. சாம்பிள் தெரியாத சரக்கு கிடையாது, செக் பண்றதுக்குன்னே 0.1000 மோலார்னு (லிட்டருக்கு எத்தனை மோல்ங்கிற பலக் கணக்கு) அளந்து தயாரிச்சு வச்சது. சோடா பாட்டில் லேபிள்லயும் 0.1000 மோலார்னு இருக்கு. ஆசிட்டை 25 மிலி பிப்பெட் பண்ணா (அளவுக்குழாயால எடுத்தா) 25 மிலி சோடா செலவாகணும், இதுல கால்குலேட்டருக்கே வேலை இல்ல. ஆனா முதல் ஆள் கணக்குப்படி ஆசிட்டோட பலம் 0.026 மோலார் பக்கம், அதாவது முக்கால்வாசி ஆசிட்டைக் காணோம்.

ரெண்டு நோட்டும் என் டேபிளுக்கு வந்தப்போ கூடவே ரெண்டு விளக்கமும் வந்துச்சு, பிப்பெட் தப்பு, 10 மிலி பிப்பெட்ட எடுத்திருப்பாரு, இல்லன்னா ஃபிளாஸ்க்குல தண்ணி அதிகமா ஊத்திட்டாருன்னு. ரெண்டும் நிக்காது. 10 மிலி பிப்பெட்னா ரீடிங் 10 பக்கம் வரணும், 6.4 வராது. தண்ணி எவ்வளவு ஊத்தினாலும் ஃபிளாஸ்க்குல இருக்கிற ஆசிட்டோட மோல் குறையப் போறதில்ல. அதைவிட முக்கியமா முதல் ஆளோட மூணு ரீடிங்கும் ஒரு மிலிக்கு மேல பரவி நிக்குது, ரெண்டாவது ஆளோடது 0.05க்குள்ள அடங்கிடுது. பிப்பெட் தப்பா இருந்தா மூணும் சேந்து ஒரே மாதிரி தப்பா வரும், இப்படி சிதறாது. எனக்கு சந்தேகம் வந்தது விடை தப்புங்கிறதால இல்ல, இந்த சிதறலால தான்.

நோட்டைப் புரட்டினா விஷயம் ஒரே வரில இருக்கு. முதல் ஆள் போட்டது மெத்தில் ஆரஞ்ச். ரெண்டாவது ஆள் போட்டது ஃபீனால்ஃப்தலீன். ரெண்டுமே இண்டிகேட்டர், அதாவது முடியுற இடத்தை நிறம் மாறிக் காட்டுறதுக்காக ஃபிளாஸ்க்குல விடுற சாயம்.

இண்டிகேட்டர் எதைப் பாத்து நிறம் மாறுது

இங்க நிறைய பேருக்கு மனசுல ஒரு தப்பான படம் இருக்கு, ஆசிட் தீந்துச்சுன்னா இண்டிகேட்டர் அதைக் கண்டுபிடிச்சு நிறம் மாத்தி சொல்லும்னு. ஃபிளாஸ்க்குல ஆசிட் எவ்வளவு மிச்சம் இருக்குங்கிறது இண்டிகேட்டருக்கு தெரியவே தெரியாது. அதுவே ஒரு பலவீனமான ஆசிட் (சிலது பலவீனமான பேஸ்), கரைசல்ல இருக்கிற ஹைட்ரஜன் அயனியோட செறிவப் பொறுத்து தன்னோட புரோட்டானை வச்சுக்கும், இல்ல விட்டுடும். வச்சிருக்கிற வடிவத்துக்கு ஒரு நிறம், விட்ட வடிவத்துக்கு வேற நிறம். வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 19ஆம் நூற்றாண்டு கடைசில சொன்ன விளக்கத்தோட சாரம் இதுதான், சமநிலைக் கணக்கைப் பொறுத்தவரை இன்னைக்கும் அது அப்படியே நிக்குது.

கணக்கு சின்னது தான். ஒவ்வொரு இண்டிகேட்டருக்கும் ஒரு பிகேஏ உண்டு, புரோட்டானை எவ்வளவு சுலபமா விடும்னு காட்டுற எண் அது. கரைசலோட பிஎச் (ஹைட்ரஜன் அயனி செறிவைச் சொல்ற எண், செறிவு குறையக் குறைய இது ஏறும்) அந்த எண்ணுக்கு வந்து நிக்கும்போது ரெண்டு வடிவமும் பாதிப் பாதி. பிஎச் ஒரு யூனிட் ஏறினா விகிதம் 10க்கு 1, இறங்கினா 1க்கு 10. ஒரு நிறம் இன்னொன்னை விட கிட்டத்தட்ட பத்து மடங்கு இருந்தா கண்ணுக்கு அந்த ஒரு நிறம் மட்டும் தான் தெரியும், அதனாலதான் பிகேஏக்கு மேல ஒன்னு கீழ ஒன்னுன்னு சுமாரா ரெண்டு யூனிட் அகலத்துல நிறம் மாறுதுன்னு சொல்றாங்க. நடைமுறைல ஒவ்வொன்னும் கொஞ்சம் கொஞ்சம் விலகும். மெத்தில் ஆரஞ்ச் 3.1ல சிவப்பு, 4.4ல மஞ்சள். மெத்தில் ரெட் 4.4ல இருந்து 6.2. புரோமோதைமால் ப்ளூ 6.0ல இருந்து 7.6. ஃபீனால்ஃப்தலீன் 8.2 பக்கம் ஆரம்பிச்சு 10ல முழு பிங்க்.

ஆக இண்டிகேட்டர் சொல்றது "பிஎச் இந்த எண்ணைத் தாண்டிடுச்சு"ங்கிற ஒரே ஒரு சேதி தான். நம்ம டைட்ரேஷன் முடியுற இடமும் அந்த எண்ணும் ஒத்துப்போகுதாங்கிறத பாக்க வேண்டியது நம்ம பொறுப்பு.

இப்ப அந்த 6.4 மிலிக்கு வருவோம்

அசிட்டிக் ஆசிட்டோட பிகேஏ 4.76. 0.1 மோலார் கரைசலோட பிஎச் ஆரம்பத்துலயே 2.9 பக்கம், அதனால மெத்தில் ஆரஞ்ச் போட்டதும் சிவப்பாத்தான் நிக்கும், பாக்க எல்லாம் ஒழுங்கா நடக்குற மாதிரியே இருக்கும். சோடா விட ஆரம்பிச்சு அரை மிலி கூட ஆகியிருக்காது, பிஎச் 3.1 வந்துடும், அங்கயே நிறம் கலைய ஆரம்பிச்சுடும். ஏழரை எட்டு மிலிக்குள்ள 4.4 தொட்டு முழுசா மஞ்சளாயிடும். அந்த நேரத்துல ஃபிளாஸ்க்குல இருக்கிற ஆசிட்ல சுமார் 70 சதவீதம் இன்னும் தொடப்படாமலே உக்காந்திருக்கு.

ஏன் அவ்வளவு சீக்கிரம்னா, பாதி ஆசிட் நியூட்ரலாகும்போது, அதாவது 12.5 மிலில, பிஎச் சரியா பிகேஏ, 4.76. அதுக்கு ரெண்டு பக்கமும் அசிட்டிக் ஆசிட்டும் அசிட்டேட்டும் கலந்து நிக்குறது அப்பட்டமான பஃபர், சோடா விட விட பிஎச் ஆமை மாதிரி நகரும். மெத்தில் ஆரஞ்சோட மொத்த நிறமாற்றமும் அந்த ஆமை நடைக்குள்ளயே சிக்கிக்குது. சிவப்பு, சிவப்பாரஞ்சு, ஆரஞ்சு, மஞ்சளாரஞ்சு, மஞ்சள்னு ஏழு மிலி தூரத்துக்கு இழுத்துட்டுப் போகும், நடுவுல எந்த இடத்துல குழாயை மூடுறதுங்கிறது அந்த நிமிஷத்து கண்ணையும் ஜன்னல் வெளிச்சத்தையும் பொறுத்தது. 5.8, 7.1, 6.4னு சிதறினது இதனாலதான். அவர் கை நடுங்கல, நிறுத்துறதுக்குன்னு அங்க ஒரு இடமே இல்ல.

அதே கரைசல்ல 25 மிலி பக்கம் என்ன நடக்குதுன்னு பாருங்க. 24 மிலில பிஎச் 6.1. 24.95ல 7.5. 25.00ல 8.7. 25.05ல 10. பியூரெட்டோட ஒரு சொட்டு சுமார் 0.05 மிலி, அப்போ ரெண்டே சொட்டுல பிஎச் ரெண்டரை யூனிட் தாவுது. ஃபீனால்ஃப்தலீன் மாறுற 8.2 முதல் 10 வரைக்கும் உள்ள மொத்த இடைவெளியும் அந்தத் தாவலுக்குள்ள அடங்கிடுது. நிறமே இல்லாத கரைசல் ஒரு சொட்டுல வெளிர் பிங்க் ஆகுறது அதனாலதான், அதுல எந்த மந்திரமும் இல்ல.

முடியுற இடம் ஏன் 7 இல்லாம 8.7ல இருக்குன்னு சிலர் கேப்பாங்க. அங்க மிச்சம் இருக்கிறது சோடியம் அசிட்டேட், அசிட்டேட் ஒரு பலவீனமான பேஸ், தண்ணிகிட்ட இருந்து கொஞ்சம் புரோட்டானைப் பிடுங்கிக்கும். நியூட்ரலாக்கிட்டோம்னாலே பிஎச் 7னு நினைக்கிறது ஹைட்ரோகுளோரிக் மாதிரி வலுவான ஆசிட்டும் வலுவான பேஸும் மோதும்போது மட்டும் தான் செல்லும்.

முதல் ஆளுக்கு மெத்தில் ஆரஞ்ச் பக்கம் கை எப்படிப் போச்சுன்னா, அதுக்கு முன்னாடி அவர் பண்ணிட்டிருந்தது ஹைட்ரோகுளோரிக் - சோடா டைட்ரேஷன். அங்க 24.95ல பிஎச் 4, 25.05ல 10. அந்த மாதிரி செங்குத்தா ஆறு யூனிட் ஏறும்போது மெத்தில் ஆரஞ்ச் போட்டாலும் ஓடும், ஃபீனால்ஃப்தலீன் போட்டாலும் ஓடும், நடுவுல இருக்கிற மெத்தில் ரெட்டும் ஓடும். எதைப் போட்டாலும் சரியான விடை வர்ற டைட்ரேஷன்லயே பழகினா இண்டிகேட்டரைத் தேர்ந்தெடுக்கிற பழக்கமே வராது. எந்த ஆசிட்டுக்கு எந்த இண்டிகேட்டர்னு ஒரு அட்டவணையை மனப்பாடம் பண்ண வச்சு அனுப்பிடுறாங்க, அந்த அட்டவணைக்குப் பின்னாடி, சோடா மிலிக்கு மிலி பிஎச் எப்படி ஏறுதுன்னு காட்டுற ஒரு வளைகோடு இருக்குங்கிறதையும் சேத்து சொல்லியிருந்தா இந்த நோட்டு என் டேபிளுக்கே வந்திருக்காதுங்கிறது என் எண்ணம். அம்மோனியாவை ஹைட்ரோகுளோரிக்ல டைட்ரேட் பண்ணா கதை அப்படியே தலைகீழ், முடியுற இடம் 5.3 பக்கம், மெத்தில் ரெட் தான் சரி, ஃபீனால்ஃப்தலீன் போட்டா நிறம் பாதியிலேயே மங்கி மங்கி மறைஞ்சுடும்.

மூலக்கூறுக்குள்ள என்ன ஆகுது

ஒரு புரோட்டான் போனதுக்கு நிறம் ஏன் மாறணும்? ஃபீனால்ஃப்தலீன்ல இது ரொம்ப அழகா தெரியும். 1871ல அடால்ஃப் ஃபான் பேயர் தாலிக் அன்ஹைட்ரைடையும் ஃபீனாலையும் சேத்து தயாரிச்ச பொருள் இது. நடுவுல ஒரு கார்பன், அதுல மூணு பென்சீன் வளையம் தொங்குது. ஆசிட் கரைசல்ல அந்த நடுக் கார்பன் லாக்டோன்ங்கிற ஆக்சிஜன் உள்ள ஒரு வளையத்துக்குள்ள மாட்டிக்கிட்டு நாலு பக்கமும் கைநீட்டி நிக்கும், அதனால மூணு வளையத்தோட எலக்ட்ரானும் ஒன்னோட ஒன்னு பேசிக்க வழியில்ல. உறிஞ்சுறதெல்லாம் புற ஊதாவுல, கண்ணுக்கு நிறமே இல்ல. பேஸ் வந்து ஃபீனால் புரோட்டான்களைப் பிடுங்கினதும் லாக்டோன் உடைஞ்சு திறக்கும், நடுக் கார்பன் தட்டையாகும், எலக்ட்ரான்கள் வளையம் விட்டு வளையம் பரவ வழி கிடைக்கும். அப்போ உறிஞ்சுறது 550 நானோமீட்டர் பக்கம், அதாவது பச்சை ஒளி. பச்சை போனதும் மிச்சம் நம்ம கண்ணுக்கு பிங்க். ஆஸ்ட்வால்டோட விளக்கத்துல விட்டுப்போன பகுதி இதுதான், வெறும் அயனியாகுறதால நிறம் வரல, அமைப்பே மாறுறதால வருது.

மெத்தில் ஆரஞ்ச் ஒரு அசோ சாயம், ரெண்டு நைட்ரஜன் இரட்டைப் பிணைப்புல ரெண்டு வளையத்தையும் கோத்து வச்சிருக்கும். இது ரெண்டு நிலைலயும் நிறமுள்ளது. ஆசிட்ல அசோ நைட்ரஜன்ல புரோட்டான் ஒட்டிக்கும்போது உறிஞ்சுற அலைநீளம் 465 பக்கத்துல இருந்து 510 பக்கம் நகருது, மஞ்சள் சிவப்பாகுது. நகர்வு சின்னது தான், அதனால மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவுல கண்ணு தடுமாறுறது சகஜம். இதுக்குன்னே சைலீன் சயனால்னு ஒரு நீலச் சாயத்தைக் கலந்து விப்பாங்க, அப்போ பச்சைக்கும் ஊதாவுக்கும் நடுவுல ஒரு சாம்பல் நிறம் 3.8 பக்கம் வரும், அதுல நிறுத்துறது எவ்வளவோ சுலபம்.

ஃபீனால்ஃப்தலீனோட இன்னொரு குணம்: பிஎச் 13ஐத் தாண்டுற அளவுக்கு கெட்டியான சோடால விட்டா பிங்க் வந்து கொஞ்ச நேரத்துல வெளுத்துடும், ஹைட்ராக்சைடு நேரா அந்த நடுக் கார்பன்லயே போய் ஒட்டிக்கிறதால. "நிறமே இல்லையே, அப்போ இது பேஸ் இல்லையோ"ன்னு நீர்க்காத சோடாவைப் பாத்து சந்தேகப்படுறவங்க உண்டு.

லிட்மஸ் போட்டிருந்தா? லைக்கன்ல இருந்து எடுக்கிற பல சாயங்களோட கலவை அது, சுமார் 5ல இருந்து 8 வரைக்கும் மெதுவா மாறும். ஆசிட்டா பேஸான்னு கேட்டா பதில் சொல்லும், 1664ல ராபர்ட் பாயில் வயலட் பூச்சாறை வச்சு கேட்ட கேள்வியும் அந்த அளவு தான். எத்தனை மிலின்னு கேக்கிற இடத்துல அதுக்கு வேலை இல்ல.

ஃபீனால்ஃப்தலீனுக்கு மாறியும் சரியா வரல

முதல் ஆளை ஃபீனால்ஃப்தலீன் போட்டு திரும்பப் பண்ணச் சொன்னேன். 25.45, 25.60. சிதறல் போச்சு, ஆனா ரெண்டாவது ஆளை விட அதிகம். பக்கத்துல நின்னு பாத்தா காரணம் உடனே தெரிஞ்சுது. இண்டிகேட்டரை ரெண்டு மூணு சொட்டு விடுறதுக்கு பதிலா பீய்ச்சி விடுறாரு, நல்லா அடர்த்தியா பிங்க் வரணும்னு காத்திருக்காரு, வந்த வெளிர் பிங்க் ஒரு நிமிஷத்துல மங்கினதும் "இன்னும் முடியல போல"ன்னு மறுபடி ஒரு சொட்டு விடுறாரு. அந்த மங்கல் காத்துல இருக்கிற கார்பன் டைஆக்சைடு கரைஞ்சு பிஎச்சை இறக்குறதால வர்றது, அதைத் துரத்திட்டே போனா முடிவே கிடையாது. வெள்ளை ஓட்டு மேல ஃபிளாஸ்க்கை வச்சு, கண்ணுக்கு எட்டுற மெல்லிசு பிங்க் 30 செகண்டு நின்னா போதும், குழாயை மூடிடலாம்.

சொட்டு எண்ணிக்கை விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. மெத்தில் ஆரஞ்ச் மாதிரி ரெண்டு நிறம் உள்ளதுல கண்ணு பாக்குறது விகிதத்தை, அதனால எவ்வளவு போட்டோம்ங்கிறது பெருசா பாதிக்காது. ஃபீனால்ஃப்தலீனுக்கு ஒரே ஒரு நிறம், கண்ணு பாக்குறது பிங்க் வடிவத்தோட மொத்த அளவை. அஞ்சு மடங்கு அதிகமா போட்டா அதே மெல்லிசு பிங்க்குக்கு அஞ்சுல ஒரு பங்கு மாறினாலே போதும், அப்போ எண்ட் பாயிண்ட் (நிறம் பாத்து நிறுத்துற இடம்) சுமார் 0.7 பிஎச் முன்னாடியே வந்துடும். இந்த அசிட்டிக் ஆசிட்ல ரெண்டு சொட்டுல 7.5ல இருந்து 10க்கு தாவுறதால அது ஒரு சொட்டுக்குள்ள மறைஞ்சுபோச்சு. தாவல் சின்னதா இருக்கிற ஆசிட்ல மறையாது. போரிக் ஆசிட் பிகேஏ 9.24, அங்க தாவலே கிடையாது, மேனிட்டால் சேத்து அதை வலுவாக்கின பிறகு தான் ஃபீனால்ஃப்தலீனையே எடுக்க முடியும்.

பழக்கம் சரியானதும் ரெண்டு பேருக்குமே 25.25 வந்துச்சு. எல்லாருக்கும் சந்தோஷம், மூட்டை கட்டலாம்னாங்க. எனக்கு மட்டும் உறுத்தல், ஏன்னா சாம்பிள் 0.1000, வந்திருக்கிறது 0.1010. ஒரு சதவீதம் அதிகம். ரெண்டு பேரும் ஒரே மாதிரி வாங்குற தப்பு சிதறுற தப்பை விட ஆபத்து, யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.

பிஎச் மீட்டரை வச்சு முழு வளைகோடும் எடுத்தோம், செங்குத்தா ஏறுற இடம் அங்கயும் 25.25. அப்போ ஃபீனால்ஃப்தலீன் மேல பழி இல்ல. மிச்சம் இருந்தது சோடா தான். அதோட 0.1000 எங்கிருந்து வந்துச்சுன்னு பழைய பக்கத்தைப் பாத்தா, பலம் தெரிஞ்ச ஸ்டாண்டர்டு ஹைட்ரோகுளோரிக்ல டைட்ரேட் பண்ணி எடுத்தது, இண்டிகேட்டர் மெத்தில் ஆரஞ்ச். வலுவான ஆசிட், வலுவான பேஸ், எதைப் போட்டாலும் ஓடும்னு நானே மேல சொன்ன அதே கேஸ். ஆனா அது சுத்தமான சோடாவுக்கு.

சோடா கரைசல் காத்துல இருந்து கார்பன் டைஆக்சைடை இழுத்துக்கிட்டே இருக்கும், உள்ள கொஞ்சம் கொஞ்சமா சோடியம் கார்பனேட் சேரும். சந்தேகத்தைத் தீத்துக்க அதே சோடாவை 25 மிலி எடுத்து 0.1000 மோலார் ஹைட்ரோகுளோரிக்ல ரெண்டு இண்டிகேட்டர்லயும் பண்ணினோம். பிங்க் மறைஞ்சது 24.75 மிலில. மெத்தில் ஆரஞ்ச் மாறினது 25.00ல. சுத்தமான சோடாவா இருந்தா ரெண்டும் ஒரே இடத்துல விழுந்திருக்கும்.

கார்பனேட்டுக்கு ரெண்டு படி. முதல் படி முடிஞ்சு பைகார்பனேட் ஆகுற இடம் பிஎச் 8.3, பிங்க் அங்க மறையுது. ரெண்டாவது படில பைகார்பனேட் இன்னொரு புரோட்டானை வாங்கி கார்பானிக் ஆசிட் ஆகுறப்போ பிஎச் 4, 5 பக்கம் இறங்குது, மெத்தில் ஆரஞ்சுக்கு அது தான் தெரியும். அதனால மெத்தில் ஆரஞ்ச் கார்பனேட்டை முழுசா ரெண்டு பேஸா எண்ணுது, ஃபீனால்ஃப்தலீன் ஒன்னாத்தான் எண்ணுது. நடுவுல இருக்கிற 0.25 மிலி அந்த ரெண்டாவது புரோட்டானுக்குப் போன ஆசிட். கணக்குப் போட்டா சோடால 0.001 மோலார் கார்பனேட், நிஜ ஹைட்ராக்சைடு 0.098. மெத்தில் ஆரஞ்ச் கண்ணுக்கு 0.098உடன் 0.002, ஆக 0.1000. ஃபீனால்ஃப்தலீன் கண்ணுக்கு 0.098உடன் 0.001, ஆக 0.0990. அசிட்டிக் ஆசிட்டை 0.0990ல டைட்ரேட் பண்ணிட்டு கணக்குல 0.1000னு போட்டா 25.25 வராம வேற என்ன வரும். ஒரு கலவைல சோடா எவ்வளவு, கார்பனேட் எவ்வளவுன்னு பிரிச்சுக் கண்டுபிடிக்க வேணும்னே ரெண்டு இண்டிகேட்டர் போடுற முறையும் இதே தான், இங்க அது தெரியாம நடந்துபோச்சு.

புது சோடா தயாரிச்சோம். 50 சதவீத கெட்டிக் கரைசலா கலக்கி விட்டா கார்பனேட் அதுல கரையாம அடில தங்கிடும், மேல தெளிஞ்சதை மட்டும் எடுத்து கொதிக்க வச்சு ஆறின தண்ணில நீர்த்துக்கணும். ஸ்டாண்டர்டைஸ் பண்ண, அதாவது அதோட சரியான பலத்தைக் கண்டுபிடிக்க, இந்தத் தடவை ஹைட்ரோகுளோரிக்கை விட்டுட்டு பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட், உலர்த்தி எடை போட்டது, மோலார் எடை 204.22. அதுவும் பலவீனமான ஆசிட், அதுக்கும் ஃபீனால்ஃப்தலீன் தான், அதனால எந்தக் கண்ணால அளந்தோமோ அதே கண்ணால தான் சாம்பிளையும் பாக்குறோம். அதுல கிடைச்ச பலத்தை வச்சு கணக்குப் போட்டா அந்த செக் சாம்பிள் ரெண்டு பேர் கைலயும் 0.1000, 0.1002.

பழைய சோடாவைக் கொட்டல. அன்னைய தேதியைப் போட்டு லேபிளை மாத்தி ஒட்டினோம், மெத்தில் ஆரஞ்ச்னா 0.1000, ஃபீனால்ஃப்தலீன்னா 0.0990ன்னு ரெண்டு வரி. நோட்டுல இண்டிகேட்டர் பேருக்கும் எத்தனை சொட்டுங்கிறதுக்கும் தனியா ஒரு கட்டம் போட்டாச்சு, முதல் ஆள் தான் ஸ்கேல் வச்சு கோடு போட்டாரு.